மார்ஷ்மெல்லோ பாக்கெட்டின் பின்பக்கம்

"ஜெலட்டின்னு போட்டிருக்குப்பா." மகள் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டாள். ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அவளுக்கு எட்டு வயது.

போன கோடையில் இங்கே வட கரோலினாவில் ஒரு உண்ணி என்னைக் கடித்தது. முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள உண்ணி. அதிலிருந்து ஆடு, மாடு, பன்றி எதுவும் ஆகாது. அவற்றின் உடம்பில் இருக்கும் ஆல்ஃபா-கேல் என்கிற சர்க்கரைக்கு ஒவ்வாமை. கோழியும் மீனும் பிரச்சினையில்லை.

முதல் தடவை மட்டன் குழம்பு சாப்பிட்டு நாலு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு திணறியது. இவ்வளவு தாமதமாக வந்தால் யார்தான் குழம்பைச் சந்தேகப்படுவார்கள்?

கறியைத் தவிர்ப்பது சுலபம். பாக்கெட்டுகள்தான் பயம். பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு, மாத்திரை உறையில் ஜெலட்டின். "இயற்கைச் சுவையூட்டி" என்று ஒரு வரி இருக்கும், அது எதிலிருந்து வந்தது என்று பல பாக்கெட்டுகளில் இருக்காது. பால், வேர்க்கடலை, எள் என ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களை அமெரிக்காவில் கட்டாயம் சொல்லியாக வேண்டும். மாட்டிறைச்சியும் பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை. இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இந்தியக் கடைக்குப் போனால் பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் பாதி நிம்மதி. பால் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒவ்வாமை உள்ள எங்களில் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது.

இன்று அடுத்த வரிசையிலிருந்து ஓடி வந்தாள். கையில் ஒரு பழ மிட்டாய். பொடி எழுத்தில் விரலை வைத்து மெதுவாக எழுத்துக்கூட்டினாள்.

"பெக்-டின். இது பழத்திலேருந்துதானேப்பா?"