காசிமேட்டுல நின்னு இங்கிலீஷ் வெர்ப் சேக்கறேன் - இதுவரைக்கும் வந்த கதை

வாக், லுக், சே, புல் (walk, look, say, pull), இந்த நாலு வெர்பை வெச்சே இங்கிலீஷ்ல காலத்தை ஓட்டிடலாம், ஆனா எழுதினதை திரும்ப படிச்சா எல்லா மனுஷனும் ஒரே மாதிரி நடக்கிறான் ஒரே மாதிரி பேசறான். தமிழ்ல நாம அப்படியா சொல்றோம்? விறுவிறுன்னு நடந்தான், குடுகுடுன்னு ஓடுச்சு, மடக்கு மடக்குன்னு குடிச்சான், ஒரு 'ன்னு' போட்டா போதும் ஆளே கண்ணு முன்னாடி வந்து நிப்பான். இங்கிலீஷ்ல அந்த விறுவிறு வெர்புக்குள்ளயே போய் உக்காந்துக்குது, ஸ்ட்ரைட்னா (stride) பெரிய பெரிய எட்டா வெச்சு நடக்கிறது, கல்ப்னா (gulp) மடக்கு மடக்குன்னு முழுங்கறது. அதனால நான் ஒருத்தரை பாத்தா முதல்ல தமிழ்ல என்ன 'ன்னு' வாய்ல வருதுன்னு பாப்பேன், டிக்‌ஷனரி எல்லாம் அப்புறம்தான்.

வாக்குக்கு பதிலா இருவது வார்த்தைன்னு லிஸ்ட் நெட்ல நிறைய கிடைக்குது, எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல. அதெல்லாம் ஒரே அர்த்தம் கிடையாது, ட்ரட்ஜ்ல (trudge) அலுப்பு இருக்கு, ஸ்ட்ரட்ல (strut) திமிரு இருக்கு, சாண்டர்ல (saunter) அவசரமே இல்ல. நான் வெச்சிருக்கிற ஒரே கண்டிஷன், நேர்ல பாக்காத வெர்ப் நோட்ல ஏறக்கூடாது.

அதுக்கு ஞாயித்துக்கிழமை விடிகாலை சென்னை காசிமேடு மீன்பிடி துறைமுகம் மாதிரி இடம் கிடையாது. போட்ல இருந்து வலையை நாலு பேர் சேந்து மூச்சு பிடிச்சு இழுத்தா அது ஹால் (haul). மீன் கூடையில கம்பியை மாட்டி ஈரத்தரையில சர்ருனு இழுத்துனு போனா ட்ராக் (drag). கட்டின கயிறு இறுகிச்சான்னு ஒரு பையன் வெடுக்கு வெடுக்குனு இழுத்து பாத்தான், அது டக் (tug). மூணையும் புல்னே எழுதலாம் தப்பில்ல, ஆனா ட்ராக்னா தரையில உரசற சத்தம் சேந்து வருது, ஹால்னா வெயிட்டு தெரியுது. ஏலம் விடறவர் யெல் பண்றார், பக்கத்துல ரெண்டு வியாபாரி காதோட காதா விஸ்பர், விலை படியாம நகந்து போனவர் மட்டர் பண்ணினே போனார். மட்டர்ல கொஞ்சம் கடுப்பு இருக்கு, மம்பிள்ல அது வேணும்னு இல்ல, வாய் சரியா தொறக்காம பேசினாலே மம்பிள்தான். நான் நின்னு எழுதறதை பாத்துட்டு ஒரு மீன்கார அக்கா "இன்னா தம்பி எழுதினுகீற, விலையா?"ன்னு கேட்டாங்க, இல்லக்கா இங்கிலீஷ்னு சொன்னதும் "எழுது எழுது"ன்னு வழி விட்டு நின்னாங்க.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையோரம் நிக்கும், அப்ப கிடைக்கிற வெர்பே வேற: பழைய பெயிண்ட்டை ஸ்க்ரேப் பண்றது, வலையை மெண்ட் பண்றது, ஓட்டையை பேட்ச் பண்றது, கட்டின படகு தண்ணியில மேலயும் கீழயும் பாப் (bob) ஆகறது.

இன்னொன்னு கவனிச்சேன், ஸ்னோர், ஸ்னீஸ், ஸ்னிஃப், ஸ்னார்ட் எல்லாமே மூக்கு. க்ளேர், க்ளீம், க்ளிட்டர், க்ளான்ஸ் எல்லாம் ஒளி இல்லனா பார்வை. ஜே.ஆர். ஃபர்த்னு ஒரு மொழியியல் அறிஞர் 1930ல இப்படி ஒரே அர்த்தச் சாயலோட வர்ற சத்தத்துக்கு போனெஸ்தீம்னு பேர் வெச்சிருக்கார். நமக்கு பளபள, மினுமினு எல்லாம் சின்ன வயசுல இருந்தே பழக்கம், அதனால இந்த சத்தக்கூட்டம் சீக்கிரம் மனசுல ஒட்டிக்குது.

பலன் தெரியுதான்னு கேட்டா, தெரியுது. அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்குது, நான் எழுதின நாலு வரியை படிச்சிட்டு "மாமா, இந்த ஆள் குடிச்சிருக்காரா?"ன்னு கேட்டுச்சு. குடிச்சார்னு எங்கயுமே எழுதல, ஐஸ் கட்டி தூக்கிட்டு வந்தவருக்கு ஸ்டாகர்னு ஒரே ஒரு வெர்ப்தான், அதுலயே அவ ஒரு ஆளை பாத்துட்டா! போதையில தள்ளாடினாலும் ஸ்டாகர்தான், பாரம் தாங்காம தள்ளாடினாலும் ஸ்டாகர்தான், அதனால தோள்ல இருக்கிற ஐஸை அதே வரியில கொண்டு வந்தேன், அப்புறம் படிச்சிட்டு "பாவம் மாமா"ன்னா.

திருதிருன்னு முழிக்கிறதுக்கு மட்டும் இன்னும் ஒத்தை வெர்ப் சிக்கல, ஸ்டேர்ல அந்த மாட்டிக்கிட்ட முழி வரல, கேப்ல (gape) வாய் தொறந்துடுது. தேடினுகீறேன். அடுத்தது பருவமழைக்கு ட்ரிஸில், போர், பேட்டர் (drizzle, pour, patter) மூணுக்கும் நோட்ல பக்கம் ஒதுக்கியாச்சு, மழை வந்தா பாத்து எழுதணும்.