முகப்பில் நிற்காமல் கொல்லைக்கு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்குள்ள மாளிகைகளின் முகப்பில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் ஏறியதற்கு இந்த வீடுகளும் ஒரு காரணம். ஆனால் மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போதே கண் சலித்துவிட்டது.

அது பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அவ்வளவு பெரியதில்லாத வீடு. "ஆச்சி, நெல்லை எங்கே வைப்பீங்க?" என்று கேட்டேன். "அதைப் பார்க்கணும்னு யாருமே கேட்டதில்லையே தம்பி" என்று சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்தார்.

வளவு என்னும் உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கடைசி அறை. இருட்டு. அதில் பத்தாயம், நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி, என்னைவிட ஒரு முழம் உயரமாக. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காடியில், அதாவது மரத்தில் வெட்டிய பள்ளத்தில், இறக்கியிருக்கிறார்கள். ஆணி தேடினேன், தட்டுப்படவில்லை. எலியும் ஈரமும் அண்டாதபடி கால் வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. நெல்லை மேலே கொட்டுவது, கீழே உள்ள சின்னத் திறப்பின் வழியாக எடுப்பது. அதனால் பழைய நெல் முதலில் வெளியே வரும். திறப்பின் பலகையில் கை படும் இடம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல வழவழப்பு. முகப்புத் தூண்களில்கூட இந்த மினுமினுப்பு இல்லை, என் கண்ணுக்கு.

இது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல், ஆகையால் விளைந்ததைக் காப்பாற்றுவதும் ஒரு வித்தைதான். பத்தாயத்துக்குப் பக்கத்தில் தானியம் சேமிக்கும் மண் குதிர் ஒன்றும் வெடித்துப்போய் இருந்தது. பூச்சி வராமலிருக்க இடையிடையே நொச்சி இலை போடுவார்களாம்.

அப்புறம் கொல்லை. அங்கே மாட்டுத் தொழுவம். செம்புறாங்கல் சுவர், வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகிக்கொள்ளும் கல். மேலே வைரம் பாய்ந்த பனங்கை, பனைமரச் சட்டம், அதன்மேல் அடுக்கடுக்காக நாட்டு ஓடு. தரை லேசாகச் சரிந்து ஓர் ஓரத்துக் கால்வாயில் முடிகிறது. கல்தொட்டியின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் குழிந்திருந்தது. எத்தனை மாட்டின் கழுத்து உரசியதோ.

கூரையின் பாதி இப்போது தகரம். "குரங்கு ஓட்டை உடைச்சிருச்சு, மாத்த ஆளும் கிடைக்கலை" என்றார் ஆச்சி. மதியம் ஒரு மணி. ஓட்டுக்குக் கீழிருந்து தகரத்துக்குக் கீழே ஓர் எட்டு வைத்தேன், முகத்தில் அனல் அடித்தது.

மாடு இப்போது இல்லை, நான்கு ஆடுகள்தான். நான்கும் ஓட்டுக்குக் கீழேயே நெருக்கியடித்துப் படுத்திருந்தன.