காலாவதியாகும் ஃபிளார்ம்

எங்கள் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம்) கிளப்பில் மார்ச் மாதம் வேலைகளைப் பங்கு போடும்போது யாரும் கேட்டு வாங்காத வேலை ஒன்று உண்டு. எல்லா விமானங்களிலும் இருக்கும் ஃபிளார்ம் கருவிகளுக்கு அப்டேட் போடுவது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது, அங்கேயே தங்கியும் விட்டது.

ஃபிளார்ம் என்பது கிளைடர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் எச்சரிக்கும் சின்னப் பெட்டி. 2004இல் இங்கே சுவிட்சர்லாந்தில்தான் பிறந்தது. ஜிபிஎஸ்ஸையும் காற்றழுத்தத்தையும் வைத்துத் தான் எங்கே இருக்கிறது, அடுத்த சில விநாடிகளில் எங்கே போகும் என்று கணக்குப் போட்டு, 868 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சுமார் விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும். பக்கத்து விமானத்தின் பெட்டியும் இதையே செய்யும். இரண்டு பாதைகளும் ஆபத்தாக நெருங்கினால் மட்டும் பீப். வெறும் தூரத்தைப் பார்த்துக் கத்துகிற கருவியாக இருந்தால், மேலே எழும் ஒரே வெப்பக்காற்றில் நாலைந்து பேர் சுற்றிச் சுற்றி ஏறும்போது காது செத்துவிடும்.

யூரா மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும் நாளில்தான் இதன் அருமை தெரியும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இருவர் நேருக்கு நேர் வந்தால், 20 விநாடியில் இடையே இருக்கும் 1.3 கிலோமீட்டர் காணாமல் போகும். வெள்ளை விமானம், ஒல்லியான இறக்கை, பின்னணியில் பனி. முன்னாலிருந்து பார்த்தால் கிளைடர் வெறும் கோடு.

இந்தப் பெட்டியின் ஃபர்ம்வேருக்கு, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளுக்கு, காலாவதித் தேதி இருக்கிறது. அது தாண்டினால் பிழை காட்டிவிட்டு வேலையை நிறுத்திவிடும். கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "நல்லா ஓடுறதை ஏன் நோண்டுற? காசு கொடுத்து வாங்கின பெட்டியை அவன் எப்படி நிறுத்தலாம்?" என்பார். என் ஃபோன், என் பிரிண்டர் விஷயத்தில் நானும் அவர் கட்சிதான்.

ஆனால் பிரிண்டர் தனியாள். ஃபிளார்ம் அப்படியல்ல. இன்னொரு ஃபிளார்மோடு பேச முடிந்தால்தான் அதற்கு மதிப்பு. 2015இல் ரேடியோ நெறிமுறையையே மாற்றியபோது எல்லோரும் புதிய பதிப்புக்குப் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் பழையதும் புதியதும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. பழைய பதிப்போடு பறப்பவரின் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து, எதிரே வருபவரை அது காட்டாமலே இருந்தால்? அதைவிடப் பெட்டி செத்துக் கிடப்பது மேல். அப்போதாவது கண்ணை வெளியே வைத்துப் பறப்போம். அவர் அப்டேட் போடாவிட்டால் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். இதை அவரிடம் சொன்னேன். முணுமுணுத்தார், சாவியைக் கொடுத்தார்.

என் புகார் வேறு. செய்கிற விதம்தான் எரிச்சல். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. நடுவில் மின்சாரம் போகக் கூடாது என்பதால் குளிர்காலம் முழுக்கத் தூங்கிய பேட்டரியை முதலில் சார்ஜ் போட வேண்டும். எங்கள் எல்எஸ்4 கிளைடரில் இருப்பது பழைய பெட்டி, கம்பிகளெல்லாம் பேனலுக்குப் பின்னால். ஹேங்கர் குளிரில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு கேபிள் தேடுவது யோகாவில் சேராது.

அப்புறம், அப்டேட் முடிந்ததும் அமைப்புகளை ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம். முக்கியமாக ஐசிஏஓ முகவரி, அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக இருக்கும் அடையாள எண். டிரான்ஸ்பாண்டர் (ரேடார் கேட்டால் பதில் சொல்லும் கருவி) உள்ள விமானத்தில் இது தப்பாக இருந்தால், டிரான்ஸ்பாண்டரையும் கேட்கக்கூடிய பவர்ஃபிளார்ம் என்ற ஃபிளார்ம் வகை தன் விமானத்தையே வேறொரு விமானம் என்று நினைத்துக்கொள்ளும். கூடவே ஒருவன் ஒட்டிக்கொண்டு பறக்கிறான் என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஆன்டெனா மோசமென்றால் பிரயோஜனமில்லை. கார்பன் ஃபைபர் ரேடியோ அலையை மறைக்கும். அதனால் சீசனின் முதல் பறப்புகளில் பதிவான ஐஜிசி கோப்புகளை (பறந்த பாதையின் பதிவு), ஃபிளார்ம் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் தூர ஆய்வுக் கருவியில் ஏற்றிப் பார்ப்பேன். எந்தத் திசையில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று படமாக வரும். இந்த முறை எங்கள் இன்னொரு கிளைடரான ஏஎஸ்கே 21 நன்றாக இருக்கிறது. எல்எஸ்4இன் படத்தில் பின்பக்க வலதில் பெரிய ஓட்டை, அந்தத் திசையில் சரியாகக் கேட்கவில்லை. ஆன்டெனாவை இடம் மாற்ற வேண்டும். சனிக்கிழமை வருகிறவர்கள் நீளமான ஸ்க்ரூடிரைவர் இருந்தால் கொண்டுவாருங்கள், கிளப்பில் இருந்ததை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.