தூங்காதவரும் தூக்கம் வராதவரும்

இரவு பன்னிரண்டரை வரை வேலையோ சீரியலோ பார்த்துவிட்டு ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறவர் ஒரு வகை. பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர் இன்னொரு வகை. இருவருமே மறுநாள் "சரியாத் தூங்கலை" என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒருவருக்கான வைத்தியத்தை மற்றவருக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தூக்கம் பற்றிய அறிவுரைகளில் பாதி இங்கேதான் சறுக்குகிறது.

நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி, படுத்ததும் கண் அயர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான். 10 முதல் 20 நிமிடம் இயல்பு. தலையணையில் தலை பட்ட மறுகணமே தூங்கிவிடுகிறீர்கள் என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் அது சேர்ந்துபோன தூக்கக் கடன். அரை மணி நேரத்துக்கு மேல் புரள்வது, நடு இரவில் விழித்து மீண்டும் தூங்க முடியாமல் தவிப்பது, இவை வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாக இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை.

முதல் வகைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "ஆறு மணி நேரம் போதும், பழகிடுச்சு." அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் உணர்கிறார்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களை 14 இரவுகள் ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஒரு பிரிவினருக்கு நான்கு மணி, ஒரு பிரிவினருக்கு ஆறு மணி, மற்றொரு பிரிவினருக்கு எட்டு மணி நேரம் மட்டும் படுக்கை தந்தார்கள். ஆறு மணிக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் இறங்கி, இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "எவ்வளவு தூக்கம் சொக்குகிறது?" என்று கேட்டபோது முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாகக் கூடவில்லை. பழகிப்போனது தூக்கமின்மை அல்ல, அதை உணர்கிற புலன்தான் மழுங்கிவிட்டது.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும், பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். இது படுக்கையில் கிடக்கும் நேரக் கணக்கு இல்லை. பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால், கண் அயர எடுத்த நேரமும் இடையில் விழித்த நேரமும் போக ஆறரைதான் தேறும். எனவே படுக்கைக்கு ஏழரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏன் இந்தக் கறார்? தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியில் முடிந்துவிடும், கனவுத் தூக்கம் விடியலை ஒட்டியே நீளும். விடியற்காலையில் இரண்டு மணி நேரத்தை வெட்டினால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையாது, கனவுத் தூக்கத்தின் பெரும் பங்கே போய்விடும். உடம்பும் கணக்குப் பார்க்கிறது. இயல்பான தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும், இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அதுதான் ஓய்வு நேரம். ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது, ஆரோக்கியமான இளைஞர்களின் உடலே சர்க்கரையைக் கையாளத் திணறியது. சளி வைரஸை வேண்டுமென்றே மூக்கில் விட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு இருந்தது.

இந்த வகையினருக்கு வைத்தியம் சுலபம், செய்வதுதான் கஷ்டம். எழும் நேரத்தை மாற்றாமல், படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் படுத்தால் உடல் கடிகாரம் ஒத்துழைக்காது. அலாரம் அடிப்பதற்குள் தானாகவே விழிப்பு வரத் தொடங்கினால் உங்கள் அளவைத் தொட்டுவிட்டீர்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க வேண்டாம். பத்து மணி வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, மறுநாள் காலை மறுபடி அலாரத்தோடு சண்டைதான்.

இப்போது இரண்டாம் வகை. இவர்களிடம் "சீக்கிரம் போய்ப் படுங்க" என்பதைப் போலக் கெடுதலான யோசனை வேறில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, அதுதான் தூக்கத்தின் அழுத்தம். அது போதிய அளவு சேர்வதற்குள் படுத்தால் புரளத்தான் முடியும். நாள்தோறும் இப்படிப் புரண்டால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை படித்துக்கொள்ளும். சோபாவில் சொக்கி விழுகிறவர் கட்டிலுக்குப் போனதும் தெளிந்துவிடுவது இதனால்தான்.

இதை உடைக்கும் முறை, படுக்கை நேரத்தைக் குறைப்பது. கேட்க முரணாக இருக்கும். இரண்டு வாரம், எப்போது படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் எழுதி வையுங்கள். எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து ஆறு மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றால் உங்கள் தூக்கத் திறன், அதாவது படுக்கை நேரத்தில் உண்மையில் தூங்கிய பங்கு, சுமார் 70 சதவீதம். இனிப் படுக்கையில் இருப்பது ஆறு மணி நேரம் மட்டும்: காலை ஆறரைக்கு எழ வேண்டுமானால் பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது. ஒரு வாரத்தில் திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால் 15 நிமிடம் கூட்டுங்கள், பிறகு வாரம் வாரம் அதேபோல. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கவே வேண்டாம். முதல் வாரம் பகலில் அசதி வாட்டும். அந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்கள் மருத்துவர் துணையின்றி இதில் இறங்கவே கூடாது.

இதோடு சேர்த்து: சுமார் 20 நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், "இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு" என்ற கணக்கு ஆரம்பித்துவிட்டால் தூக்கம் போயே போச்சு.

காபி, டீ இரு வகைக்கும் பொது. காஃபீன் அடினோசினின் இருக்கையில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அசதியை நீக்குவதில்லை, மறைக்கிறது. உடலில் அது பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம். மாலை நான்கு மணிக் காபியில் கால்வாசி நடு இரவு இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். "குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்பவர்களுக்குத் தூக்கம் வரலாம், அதன் ஆழம் குறையும். படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பே கடைசிக் கோப்பையை முடித்துவிடுவது நல்லது. மதுவின் கதையும் இதேதான்: முதல் பாதியில் அமுக்கித் தூங்க வைக்கும், இரண்டாம் பாதியைத் துண்டு துண்டாக்கும்.

காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் இருங்கள், ஜன்னலோரம் போதாது. அறை விளக்கு சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். இரவில் போனின் நீல ஒளியைத் திட்டுகிறோம், என் கணிப்பில் ஒளியைவிட அதில் ஓடும் விஷயம்தான் பெரிய எதிரி. திரையை மஞ்சளாக்கிவிட்டு ஒரு மணி வரை பார்ப்பதில் என்ன லாபம்? படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடம் குளிப்பது உதவும். தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்வெப்பம் வெளியேறும், உள்வெப்பம் இறங்குவதுதான் தூக்கத்தின் முன்னறிவிப்பு.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப்போட்டது போல எழுகிறவர்கள். சத்தமான குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் மூச்சு தடைபடுவது இயல்பல்ல, 30-ஐத் தொட்டால் தீவிரம். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், தனியாக இருப்பவர் போனில் இரவுச் சத்தத்தைப் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். இவர்கள் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து, சில மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டும். மாலையானால் கால் குடைந்து, அசைத்தால்தான் ஆறுகிறது என்பவர்களுக்கு வேறு சோதனை: உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும், 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.