பின்னணிப் பத்தி

நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக நான் சேர்ந்த புதிதில் கைக்கு வந்த முதல் பெரிய செய்தி நேபாளம். 2008 ஆகஸ்ட். புஷ்ப கமல் தாஹால் பிரதமராகிறார். அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது, ‘பிரசண்டா’ என்றால்தான் தெரியும். சண்டமாருதம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

செய்தியின் கடைசியில், இன்னார் யார் என்று நாலு வரி சேர்ப்போம். எங்கள் மேசையில் அதற்குப் பின்னணிப் பத்தி என்று பெயர். ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்தால் அடுத்த முறை உதவும். முன்னாள் பள்ளி ஆசிரியர். 1996 பிப்ரவரியில் மன்னராட்சிக்கு எதிராக ஆயுதம் எடுத்த மாவோயிஸ்ட் தலைவர். பத்தாண்டுப் போரில் சுமார் 17,000 பேர் இறந்தனர். 2006 நவம்பரில் கிரிஜா பிரசாத் கொய்ராலாவுடன் அமைதி ஒப்பந்தம். அவ்வளவுதான் நான் எழுதியது.

எழுத ஆசைப்பட்டு இடமில்லாமல் விட்டது ஒன்று உண்டு. கால் நூற்றாண்டு தலைமறைவாக இருந்தவர் 2006 ஜூனில் காத்மாண்டுவில் பகிரங்கமாகத் தலைகாட்டிய இடம், பாலுவாட்டாரில் உள்ள பிரதமர் இல்லம். இரண்டே வருடத்தில் அதே வீட்டுக்குக் குடிபோனார்.

ஒன்பது மாதம்கூட நிலைக்கவில்லை. ராணுவத் தளபதியை நீக்கினார், குடியரசுத் தலைவர் தடுத்தார், 2009 மே மாதம் இவர் பதவி விலகினார். 2016இல் மறுபடி வந்தார். நேபாளி காங்கிரஸ் கட்சியுடன் முதலில் நான், அப்புறம் நீ என்று ஒரு பேச்சு. அடுத்த மே மாதம் சொன்னபடியே எழுந்து அக்கட்சித் தலைவர் ஷேர் பகதூர் தேவுபாவுக்கு நாற்காலியைக் கொடுத்தார். அந்தச் செய்தியைச் சற்று வியப்போடுதான் எழுதினேன்.

பத்தி மட்டும் நாலு வரிதான். புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று போக வேண்டும். முதலில் பள்ளி ஆசிரியர் போனார். அடுத்து மன்னர் போனார்.

மூன்றாவது முறைதான் என்னைப் படாதபாடு படுத்தியது. 275 பேர் கொண்ட சபையில் அவர் கட்சிக்கு வெறும் 32 இடம். தேவுபாவோடு சேர்ந்து தேர்தலில் நின்றவர், பிரதமர் பதவி தனக்கு இல்லை என்றதும் எதிர் அணியில் இருந்த இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கே.பி. சர்மா ஒலியிடம் போய், 2022 டிசம்பரில் பதவியேற்றுவிட்டார். ஜனவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 268 பேர் ஆதரவு! காங்கிரஸும் சேர்ந்தே ஓட்டுப் போட்டது. சீக்கிரமே ஒலி விலகினார், காங்கிரஸ் உள்ளே வந்தது. 2024 மார்ச்சில் காங்கிரஸ் வெளியே, ஒலி மறுபடி உள்ளே. அரசில் இருக்கும் கட்சி ஆதரவை விலக்கினால் 30 நாளுக்குள் பிரதமர் சபையின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பது அங்கே அரசியலமைப்பு விதி. ஆகவே கூட்டணி மாறும்போதெல்லாம் ஒரு வாக்கெடுப்பு.

அந்த மார்ச் இரவில்தான் சறுக்கினேன். ‘மீண்டும் பிரதமரானார் பிரசண்டா’ என்று தலைப்பு வைத்துவிட்டேன். சீஃப் சப், அதாவது தலைமை உதவி ஆசிரியர், பக்கத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“அவர் எப்பய்யா ராஜினாமா பண்ணினார், மறுபடி ஆகிறதுக்கு?”

சரிதான். 157 ஓட்டு வாங்கி இருந்த இடத்திலேயே இருந்தார், அவ்வளவே. நகரப் பதிப்பில் மாற்றினோம். வெளியூர்ப் பதிப்பு அதற்குள் வண்டியேறிவிட்டது.

ஜூலை 12. காங்கிரஸும் ஒலியும் கைகோத்துவிட்டார்கள். ஐந்தாவது வாக்கெடுப்பில் ஆதரவு 63, எதிர்ப்பு 194. அன்று கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து பக்கம் பாதியானது. செய்தி ஒற்றைப் பத்தி அகலத்துக்குச் சுருங்கியது. பின்னணிக்கு இரண்டு வரி மிச்சம். ஐந்து வாக்கெடுப்புக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய செய்தியே புரியாது. 17,000 பேர் இருந்த வரியை எடுத்தேன். சீஃப் சப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

காலையில் பேப்பரைப் பிரித்து அந்த மூலையைத்தான் முதலில் பார்த்தேன். எண்களெல்லாம் சரியாக இருந்தன.