டெல்ஃப் ஏ2-உம் வெனிர் என்ற வினைச்சொல்லும்

பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் பரீட்சையில் ஏ2 நிலை தேறிவிட்டேன். பெறுபேற்றுக் கடிதம் கையில் இருக்கிறது. எந்தப் புத்தகம் படித்தாய், எந்த வகுப்புக்குப் போனாய் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு முதலில் சொல்ல வருவது ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான்: வெனிர், அதாவது வருவது. இதன் நிகழ்காலத்தை யாராவது ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் சொல்லித் தந்திருந்தால் ஒரு நாள் சம்பளம் எனக்கு மிஞ்சியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பதிவு, கட்டணம், அழைப்புக் கடிதம் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. பிரான்ஸில் 2026 ஜனவரி 1 முதல் பல வருட வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு அதற்கு மேல் நிலையான பி1, பிரஜாவுரிமைக்கு பி2 என்று ஆகிவிட்டது, அதனால் நேரத்தோடு பதிந்துகொள்ளுங்கள்.

இனி வகுப்பு. நான் போன இடத்தில் பலகையில் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஆறு வரி எழுதிப் போட்டார்கள். ஜெ வியாங், து வியாங், இல் வியாங், நு வெனோங், வு வெனே, இல் வியென். பார்த்து எழுது, திரும்ப எழுது, அடுத்த வினைச்சொல். வாய்விட்டுச் சொல்லச் சொன்னது மிகக் குறைவு. பன்மையில் கடைசியாக எழுதும் ஈ, என், டி மூன்றும் ஒலிக்காது. பின்வாங்கில் இருந்தவர்கள் அதையும் சேர்த்து ‘வியெனந்த்’ என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் திருத்தவில்லை. ‘அவன் வருகிறான்’, ‘அவர்கள் வருகிறார்கள்’ இரண்டிலும் முன்னுக்கு வருவது ‘இல்’ என்றே காதில் விழுகிறதே, எப்படிப் பிரித்துக் கேட்பது என்று நான் கேட்டேன். எழுத்துக்கூட்டலைப் பாருங்கள் என்று பதில் வந்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்வி கேட்கிற பரீட்சையில் எந்த எழுத்தைப் பார்ப்பது?

அதைவிடப் பெரிய குறை, ‘வெனிர்’ உடன் ‘தெ’ சேர்ந்து பிறகு இன்னொரு வினைச்சொல் வந்தால் என்ன பொருள் என்று அங்கே சொல்லவே இல்லை. ‘ஜெ வியாங் த்யு ஸ்ரீலங்கா’, இலங்கையிலிருந்து வருகிறேன் என்பதோடு பாடம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வதிவிட அட்டை எடுக்கும் கவுண்டருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னார்: ‘வோத்ர் தீத்ர் வியாங் தாரிவே, ரெவெனே அவெக் லெ தாம்பர்.’ வியாங் என்றால் வருகிறது, ரெவெனே என்றால் திரும்ப வாருங்கள். அட்டை இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம், இன்னொரு நாள் வரச் சொல்கிறார் என்றுதான் எனக்கு விளங்கியது. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். நான் ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் சொன்னது இதுதான்: உங்கள் அட்டை இப்போதுதான் வந்திருக்கிறது, கட்டண முத்திரையோடு திரும்பி வாருங்கள். ‘தெ’, ‘அரிவே’ (வந்துசேர்வது) இரண்டும் சேர்ந்துதான் ‘தாரிவே’. ‘வியாங் தாரிவே’ பார்வைக்கு நிகழ்காலம், பொருளில் சற்று முன் முடிந்த காரியம். முத்திரையை எதிரே இருந்த தபா என்ற புகையிலைக் கடையிலேயே வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பியிருக்கலாம். அட்டை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது! அதற்காக இன்னொரு நாள் லீவு, இன்னொரு ரந்தேவு, அதாவது நேரப் பதிவு. ஒரு வாக்கியத்தை இரண்டாம் தரம் சொல்ல ஐந்து விநாடி போதும். இங்கே வருகிற எல்லோரும் மொழி படித்துக்கொண்டிருப்பவர்கள் என்று அந்தக் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாதா?

அதன் பிறகு வகுப்பை நம்பவில்லை. ரெஸ்டாரன்ட்டில் என்னோடு வேலை செய்யும் மாலி நாட்டு நண்பர் உருளைக்கிழங்கு உரிக்கும் நேரத்தில் சொல்லித் தந்ததுதான் கை கொடுத்தது. கதைக்கும்போது ‘நு வெனோங்’ என்பதைப் பெரும்பாலும் ஆட்கள் சொல்வதில்லை, ‘ஓங் வியாங்’ என்கிறார்கள் என்றார் முதலில். நாங்கள் வருகிறோம் என்பதற்கே ஒருமை வடிவம். கவனித்துப் பார்த்தேன், சமையலறையில் அப்படித்தான். ஆக, கதைக்க மூன்று ஒலி போதும். நான், நீ, அவன், அவள், நாங்கள் எல்லோருக்கும் வியாங். நீங்கள் என்றால் வெனே. அவர்கள் என்றால் வியென். வெனோங் கண்டால் அடையாளம் தெரிந்தால் சரி, எழுத்துப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாங், வியென் இரண்டையும் பிரிக்கிற வழியும் அவர் காட்டியதுதான். வியாங் சொல்லும்போது வாய் திறந்தபடியே நிற்கும், நாக்கு எதையும் தொடாது, ஒலி மூக்கால் போய்விடும். தமிழில் ங் என்று எழுதினாலும் அதை அழுத்தக் கூடாது. வியென் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் போய் நம்முடைய ன் போல முட்டும். அந்த முட்டு கேட்டால் பன்மை. ‘பார்லே’ (பேசுவது) போன்ற வினைகளில் ஒருமைக்கும் பன்மைக்கும் காதில் வித்தியாசமே இல்லை, வெனிரில் இருக்கிறது. போனில் பதிந்து வைத்து ரயிலில் போகவர கேட்டேன். ரெவெனிர், தெவெனிர், தெனிர், ஒப்தெனிர் எல்லாம் இதே வழியில்தான் போகின்றன. ஒன்று படிய மற்றவையும் வந்துவிட்டன.

தமிழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு நிகழ்காலத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். ‘2019இல் இருந்து பாரிஸில் இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். பிரெஞ்சும் அப்படியே: ‘ஜாபித் ஆ பாரி தெப்புயி 2019’. ஆங்கிலத்தை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் இறந்தகாலத்துக்குப் போய் ‘ஜே அபித்தே’ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ‘நாளைக்கு வருகிறேன்’ என்கிறோமே, அதுவும் அப்படியே ‘ஜெ வியாங் தெமாங்’. ஒரு இடத்தில் மட்டும் கவனம். யாராவது கூப்பிட்டால் ‘இதோ வாறன்’ என்பதற்கு ‘ஜெ வியாங்’ சரிவராது. அங்கே எல்லோரும் சொல்வது ‘ஜாரீவ்’.

நீ, நீங்கள் விஷயத்தில் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வேலையிடத்தில் நாள் முழுக்க ‘து வியாங்?’ கேட்டுக் கேட்டு வாய் பழகிவிடும். பரீட்சை எடுப்பவரிடம் ‘வு வெனே’ என்றுதான் கதைக்க வேண்டும், அதைத் தனியாகப் பழகுங்கள்.

பரீட்சை நாள். கேட்டல், வாசித்தல் சரியாகப் போனது. எழுத்தில் இரண்டு கேள்வி, ஒவ்வொன்றும் குறைந்தது 60 சொல். இரண்டாவது பெரும்பாலும் நண்பரின் கடிதத்துக்குப் பதில், அழைப்பு, நன்றி, மன்னிப்பு என்ற மாதிரி வரும். எனக்கு அழைப்பு வந்தது. பிள்ளைகளும் வருகிறார்கள் என்று எழுதினேன், இரண்டு என், பிறகு ஈ, என், டி. வாயில் வராத அந்த எழுத்துகளுக்குத் தாளில் புள்ளி உண்டு, விட்டுவிடாதீர்கள்.

வாய்மொழி 6 முதல் 8 நிமிடம், மூன்று பகுதி. பின்னிரண்டு பகுதிக்கும் முன்கூட்டியே 10 நிமிடம் ஆயத்த நேரம் தருகிறார்கள், முதல் பகுதியான அறிமுகத்துக்கு இல்லை. என்னிடம் கேள்வி கேட்டவர் நல்ல மனிதர், நிதானமாகக் கதைத்தார். இலங்கையிலிருந்து வருகிறேன் என்றேன். வேலை பற்றிக் கேட்டுவிட்டு, ‘வு வெனே தெ ஃபினிர்?’ என்றார். இப்போதுதான் வேலையை முடித்தீர்களா என்று கேட்கிறார்! கவுண்டரில் என்னைத் திருப்பி அனுப்பிய அதே ‘வெனிர் தெ’. யோசிக்காமலே பதில் வந்தது: ‘வுயி, ஜெ வியாங் தெ ஃபினிர்.’ மேலே ஒரு வார்த்தை சேர்த்து, சாப்பிடவும் இல்லை என்றேன். அவர் சிரித்தார். வெளியே வந்ததும் மாலி நண்பருக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

தேற 100க்கு 50 வேண்டும், நான்கு பகுதியிலும் 25க்கு 5க்குக் குறையக் கூடாது. டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, தெசெஃப் என்ற மற்றப் பிரெஞ்சுப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், அதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். முதலில் தருவது பெறுபேற்றுக் கடிதம், சான்றிதழ் வரச் சில மாதம் ஆகும். எடுக்கப் போகும்போது அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கொண்டுபோங்கள். அங்கே யாராவது ‘வியாங் தாரிவே’ என்று சொன்னால் இடத்தை விட்டு நகராதீர்கள்.