சட்டைப்பை ரேடியோ வாங்கப் போகிறவர்களுக்கு

அட்டைப்பெட்டியில் "9 பேண்டு", "12 பேண்டு" (பேண்டு என்றால் அலைவரிசைப் பகுதி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சிற்றலையை (ஷார்ட்வேவ்) துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குக் காட்டுவதுதான் பெரும்பாலும் அந்த எண். செய்தி, பாட்டு, கிரிக்கெட் வர்ணனை கேட்க ஏஎம் (மத்திய அலை), எஃப்எம் இரண்டும் போதும். மலிவு ரேடியோவின் சிற்றலையில் நிலையங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண் (எந்த நிலையத்தையும் ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் ஒரே அதிர்வெண்) கொண்ட சாதாரண சுற்றில், ஒரே நிலையம் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிழலாக இன்னொரு முறையும் கேட்கும்.

தினசரி உபயோகத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. சாதாரண பென்சில் செல், அதாவது ஏஏ, இரண்டு போடும் ரேடியோதான் என் தேர்வு. நல்ல அல்கலைன் ஏஏ செல்லின் கொள்ளளவு சுமார் 2000 முதல் 2500 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். அதைவிடச் சின்ன ஏஏஏ செல்லில் ஏறக்குறைய 1000தான். மிதமான சத்தத்தில் ரேடியோ 40 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏஏ ஜோடி 50 மணி நேரமாவது ஓடும், ஏஏஏ ஜோடி 25 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு இது இரண்டு வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள வித்தியாசம். செல் இரண்டு போட்டால் கொள்ளளவு இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வரிசையில் இணைப்பதால் கூடுவது வோல்ட் மட்டுமே.

திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல்லும் போடலாம். அதில் ஒன்றுக்கு 1.5 அல்ல, 1.2 வோல்ட்தான். சில ரேடியோக்கள் இதைக் காலி பேட்டரி என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே அணைந்துவிடும்.

பழைய செல்போன்களில் இருந்த தட்டை லித்தியம் பேட்டரியோடு, மெமரி கார்டும் புளூடூத்தும் சேர்த்து வரும் பெட்டிகள் இன்னொரு வகை. பாட்டுப் பெட்டியாக நன்றாகவே இருக்கும். ஆனால் பலவற்றில் ஏஎம் கிடையாது. இருந்தாலும் உள்ளே ஓடும் டிஜிட்டல் சுற்றின் இரைச்சல் அதில் ஏறும். சார்ஜ் போட்டபடி கேட்டால் சார்ஜரின் உறுமலும் சேர்ந்துகொள்ளும்.

ஏஎம் எவ்வளவு தூரத்து நிலையத்தை இழுக்கும் என்பது உள்ளே ஏரியலாகப் படுத்திருக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) கம்பியின் நீளத்தைப் பெரிதும் பொறுத்தது. வெளியே நீட்டும் ஏரியலுக்கு அதில் வேலையே இல்லை. அதனால்தான் உள்ளங்கைக்குள் மறையும் ரேடியோக்கள் எஃப்எம்மில் பிரமாதமாகவும் ஏஎம்மில் சோப்ளாங்கியாகவும் இருக்கின்றன. ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு: அதன் முனை நிலையத்தை நோக்கினால் சத்தம் விழும், பக்கவாட்டு நோக்கினால் ஏறும். ஏஎம் சரியாக வரவில்லை என்றால் ரேடியோவைப் படுக்கை வாட்டில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள்.

எஃப்எம்முக்கு ஏரியல் வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 75 சென்டிமீட்டர். அதற்கு நெருங்க நெருங்க நல்லது. ஏரியலே இல்லாத மாடல்களில் ஹெட்போன் ஒயர்தான் ஏரியல். ஒயரைச் சுருட்டிப் பையில் திணித்தால் கரகரப்பு வருவது அதனால்தான். ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ்: ஏரியலை மடக்கினால்தான் ஒரு நிலையம் மற்றதன் மேல் வழியாமல் இருக்கும்.

குமிழ் திருகும் ரேடியோவிலும் இப்போது இரண்டு ஜாதி. கேங் கண்டன்சர் (குமிழோடு சுழன்று நிலையம் மாற்றும் தகடுகள்) உள்ள பழைய வகையில் நிலையம் மெல்ல நெருங்கி வரும். செல் இறங்கும்போது சற்று நகரவும் செய்யும். வெளியே முள்ளும் உள்ளே டிஎஸ்பி சிப்பும் (சிக்னலை எண்களாக மாற்றிக் கையாளும் சிப்) உள்ள புதிய வகையில் அது படிப்படியாகத் தாவும். நகராது. ஆனால் சிக்னல் பலவீனமானால் சிப் தானாகச் சத்தத்தைக் குறைத்துவிடும், பேச்சு உள்ளே போய் வெளியே வருவதுபோல் இருக்கும். தூரத்து ஏஎம் நிலையம் கேட்பவர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

எண் காட்டும் டிஜிட்டல் மாடல் வாங்கினால் ஏஎம் படி அளவை, அதாவது ஒரு அழுத்துக்கு எத்தனை கிலோஹெர்ட்ஸ் தாவுகிறது என்று, பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களில் 10 கிலோஹெர்ட்ஸ், மற்ற இடங்களில் பொதுவாக 9. மாற்ற முடியாத 10 கிலோஹெர்ட்ஸ் மாடலில் 567இல் நிற்க முடியாது, 570தான் கிடைக்கும், பேச்சு நசுங்கும். 540, 630, 720 போல 90ஆல் வகுபடும் நிலையங்கள் இரண்டிலும் சரியாக விழும். அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள். பைக்குள் அழுந்தி நிலையம் மாறாமல் இருக்கப் பூட்டுப் பொத்தானும் அவசியம்.

ஸ்பீக்கர் குறுக்களவு 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பேச்சு கீச்சிடும். ஹெட்போன் துளை மோனோவாக இருந்தால் ஸ்டீரியோ ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கும். மோனோ-ஸ்டீரியோ மாற்றி ஒன்று போட்டால் தீர்ந்தது.

கடைக்குப் போகும்போது இரண்டு செல்லும் உங்கள் ஹெட்போனும் எடுத்துப் போங்கள். எல்இடி விளக்குகளுக்கு அடியில் ஏஎம்மைச் சோதித்துப் பயனில்லை, வாசலுக்கு வாருங்கள். பலமான நிலையத்தை எல்லா ரேடியோவும் பிடிக்கும். பலவீனமான ஒன்றைத் தேடி, அதில் இரண்டு மாடல்களை ஒப்பிடுங்கள். சத்தக் குமிழை முழுவதும் திருகிப் பாருங்கள். புதிதிலேயே கரகரவென்றால் வேண்டாம். பெட்டியை லேசாக அழுத்தும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் சால்டரிங் சரியில்லை.

மலிவு ரேடியோ சாவது பெரும்பாலும் செல் கசிந்துதான். சில வாரம் கேட்கப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் கசிந்திருந்தால் பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு ஸ்பிரிங்கைத் துடைக்க வேண்டும். சாதாரண கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்பே புதுச் செல் போடுங்கள்.